வெள்ளிதான், ஆனால் எத்தனை டச்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெள்ளி நகையை வீட்டிலேயே சோதிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். காந்தம், ஐஸ் கட்டி, நைட்ரிக் அமிலம் என்று சொன்ன வழிகள் புதியவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது கட்டுரையில் இல்லை.

காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு போலக் காந்தம் இழுக்கும் உலோகம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகாது. செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் எதுவும் ஒட்டாது. ஜெர்மன் சில்வரும் வழக்கமாக ஒட்டாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அதில் வெள்ளி பேரில் மட்டும்தான். இன்னொரு பக்கம், நல்ல கொலுசிலும் சலங்கைக்குள் இரும்புக் குண்டோ, கொக்கியில் எஃகு ஸ்பிரிங்கோ இருந்தால் அந்த இடம் மட்டும் இழுக்கும். அதை வைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

ஐஸ் கட்டி சோதனை ஜெர்மன் சில்வரையும் எவர்சில்வரையும் பிடித்துவிடும், அவற்றில் ஐஸ் மெதுவாகத்தான் கரையும். வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளி முதல், செம்பு அதற்கு மிக நெருக்கத்தில். ஆகவே வெள்ளி முலாம் பூசிய செம்புத் தட்டு இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். கறுத்துப்போனால் போலி என்ற நம்பிக்கையும் தவறு. கந்தகம் பட்டால் அசல் வெள்ளியும் கறுக்கும். பொருத்துகளில் பச்சைக் களிம்பு அடிக்கடி பிடித்தால்தான் செம்பு அதிகமோ என்று யோசிக்க வேண்டும்.

முலாமைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும், பார்க்கும் இடம் தெரிந்தால். கொலுசில் வளையமும் வளையமும் உரசும் உட்பக்கம், மெட்டியின் அடிப்பகுதி, குங்குமச் சிமிழின் மூடி விளிம்பு, தட்டின் அடிவிளிம்பு: முலாம் முதலில் தேய்வது இங்கேதான். பூதக்கண்ணாடியில் அங்கே சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் விஷயம் முடிந்தது.

வீட்டில் செய்யக்கூடியதில் உருப்படியான சோதனை தண்ணீர் எடைதான். கட்டுரையில் அது விடுபட்டது வருத்தம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் நகையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் முங்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் நகையின் எடையை வகுக்க வேண்டும். 62 கிராம் அரைஞாண் கொடி முங்கும்போது 5.98 காட்டினால் விடை 10.37, 925 வெள்ளிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) சரியாக வருகிறது. 7.13 காட்டினால் விடை 8.7; ஜெர்மன் சில்வரோ பித்தளையோ, வெள்ளி இல்லை. சுத்த வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96.

இதில் கெடுப்பது காற்றுக்குமிழி. சங்கிலிக் கண்ணிகளுக்குள் குமிழி ஒட்டிக்கொண்டால் விடை குறைந்து, நல்ல நகையும் போலியாகத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நகையை முக்கி இரண்டு மூன்று தடவை உதறிவிட்டுப் பாருங்கள். கல் வைத்தது, உள்கூடானது, அரக்கு நிரப்பிய விக்கிரகம் இவற்றுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. ஐந்து கிராம் மெட்டிக்குத் தண்ணீர் எடை அரை கிராம்கூட வராது, 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசில் அதைச் சோதிப்பது வீண்.

இனி கட்டுரை தொடாத இடம். நம் ஊரில் பணம் போவது பெரும்பாலும் போலியில் அல்ல, டச்சில், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கில். 80 டச் கொலுசு 100 கிராம் வாங்கினால் உள்ளே 80 கிராம்தான் வெள்ளி. சுத்த வெள்ளி விலை போட்டு, மேலே செய்கூலியும் வாங்கினால், 20 கிராம் செம்புக்கு வெள்ளி விலை கொடுத்திருக்கிறோம். மாற்றப் போகும்போதுதான் அது தெரியவரும். தண்ணீர் எடையில் இது பிடிபடாது. 925க்கு 10.36, 80 டச்சுக்கு 10.14, வீட்டுத் தராசும் ஒரு குமிழியும் சேர்ந்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

அதற்கு ஹால்மார்க் பார்க்க வேண்டும். வெறும் ‘925’ முத்திரையை யாரும் அடிக்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி எண் வந்திருக்கிறது; ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு அது. தங்கத்தைப் போல் கட்டாயமாக அல்ல, விருப்பத்தின்பேரில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு, அது காட்டும் நகை வகையும் தரமும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் இல்லாத கொலுசு என்றால் பில்லில் டச் எழுதி வாங்குங்கள், கல் எடையைக் கழித்து எழுதச் சொல்லுங்கள். கடைகளில் தரம் பார்க்கும் டெஸ்டிங் மெஷின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த முலாம் அதையும் ஏமாற்றும். சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத இடத்தில் லேசாக அரம் போட்டு அங்கே வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக நைட்ரிக் அமிலம். மேலே ஒரு சொட்டு விட்டால் முலாமும் வெள்ளி மாதிரியே காட்டும். அரம் போட்ட பள்ளத்தில் விட்டால்தான் உள்ளே செம்பு இருந்து பச்சையாகப் பொங்குவது தெரியும். அதிலிருந்து கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலுக்குக் கேடு, தோலில் பட்டால் புண்ணாகும். பட்டறையில் பழகியவர்கள் செய்வதை, குழந்தைகள் நடமாடும் சமையலறைக்குச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள். அந்தப் பத்தியை மட்டுமாவது அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.