பேரனின் ஞானஸ்நானம் பற்றி மகளுக்கு

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்.

குழந்தைக்கு இப்போது ஞானஸ்நானம் வேண்டாம், வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு அவனே முடிவு செய்துகொள்ளட்டும் என்று நீ தொலைபேசியில் சொன்னாய். அம்மா அழுததைக் கேட்டதும், "உங்களுக்காக வேண்டுமானால் ஊருக்கு வரும்போது செய்துவிடுகிறோம்" என்றும் சொன்னாய். நீ முதலில் சொன்னதைவிட இரண்டாவதாகச் சொன்னதுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு.

எங்களுக்காகச் செய்ய வேண்டாம், கண்ணு. குழந்தையின் ஞானஸ்நானத்தில் தாத்தா பாட்டியிடம் குருவானவர் எதுவும் கேட்பதில்லை. கோவில் வாசலிலேயே பெற்றோரை நிறுத்தி, குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள், இவனை விசுவாசத்தில் வளர்க்கும் கடமையை உணர்ந்துதான் கேட்கிறீர்களா என்கிறார். பிறகு ஞானஸ்நானத் தொட்டியருகே, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, தந்தையையும் மகனையும் தூய ஆவியையும் விசுவசிக்கிறீர்களா என்று கேட்கிறார். அதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். பெற்றோரின் பங்கும் பொறுப்பும் தெளிவாக வெளிப்பட வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டுக்கொண்டதன்படிதான், 1969-ல் குழந்தைகளுக்கான சடங்கு இப்படித் திருத்தி அமைக்கப்பட்டது. குழந்தை விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லையென்றால் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. அந்தக் கேள்விகளுக்கு நீ மனமில்லாமல் 'ஆம்' என்று சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதே மேல்.

இப்போது நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று நீயே பார்த்திருக்கிறாய். மண்டபம், பிளெக்ஸ் பேனர், பிரியாணி, குழந்தைக்கு மோதிரம், செயின் என்று ஒரு கல்யாணச் செலவு ஆகிறது. சேலத்தில் நம் உறவினர் வீட்டு ஞானஸ்நானம் ஒன்றில், குருவானவர் மூன்று முறை தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, வெளிச்சம் சரியாக விழவில்லை, இன்னொரு முறை ஊற்றுங்கள் என்று புகைப்படக்காரர் கேட்டார். குருவானவர் மறுத்துவிட்டார். குழந்தையின் தகப்பனுக்கு அதனால் ஏற்பட்ட மனத்தாங்கல் சாப்பாட்டுப் பந்தி வரை தீரவில்லை. அது ஒருமுறைதான் நிகழும், அதை யாருக்காகவும் மீண்டும் செய்ய முடியாது என்பதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. இன்னும் சிலருக்கு அந்தச் சான்றிதழ் சிறுபான்மைப் பள்ளியில் இடம் வாங்குவதற்குரிய காகிதம். நீ இருக்கும் அயர்லாந்திலும் பள்ளி இடத்துக்காகவே ஞானஸ்நானம் கொடுத்த பெற்றோர் இருந்தார்கள் என்றும், 2018-ல் வந்த சட்டம் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் அந்த முன்னுரிமையை எடுத்துவிட்டது என்றும் நீதானே சொன்னாய்? நல்லதுதான் நடந்திருக்கிறது என்பேன்.

அம்மாவின் அழுகைக்குக் காரணம் வேறு. உன் அப்பத்தா எஸ்டேட் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த காலத்தில், பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டால், அவரே ஞானஸ்நானம் கொடுப்பார். அவசர வேளையில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய வழக்கம். எனாமல் பேசினுக்கு மேலாகக் குழந்தையின் தலையை இடது கையில் தாங்கி, டம்ளரில் ஆறிய வெந்நீரை, முடியோடு நின்றுவிடாமல் நெற்றித் தோலிலும் ஓடும்படி பார்த்துப் பார்த்து ஊற்றுவார். சிறுவனாக இருந்தபோது ஒருமுறை வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் படாமல் இறந்த குழந்தை கடவுளின் முகத்தைக் காணாது என்ற அச்சம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. மருமகளாக வந்த உன் அம்மாவுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. அந்த அச்சத்தை நான் உன்மேல் ஏற்ற மாட்டேன். அப்படி இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் 2007-ல் எழுதியது. அம்மாவுக்கு அதை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்று சொன்னவர் ஒரு பச்சிளங்குழந்தையைத் தள்ளிவிடுவார் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அச்சம் வேண்டாம், எங்களுக்காகவும் வேண்டாம் என்றால் பிறகு எதற்கு என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவனே முடிவு செய்யட்டும் என்பது மரியாதையான எண்ணம்தான், புதியதும் அல்ல. புனித அகுஸ்தீனார் சிறுவனாக நோயில் கிடந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். உடல் தேறியதும் வீட்டார் தள்ளிவைத்துவிட்டார்கள். 387-ல் பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா இரவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியார் கையால் அதைப் பெறும்போது அவர் முப்பது வயதைத் தாண்டியிருந்தார். நம் தெருவிலேயே பெந்தெகொஸ்து சபைக்குப் போகும் குடும்பம், அறிந்து விசுவசித்தவருக்கே மூழ்கு ஞானஸ்நானம் என்று உறுதியாக இருக்கிறது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் தங்கள் குழந்தையை வெறுமையில் வளர்க்கவில்லை. பிறந்த நாள் முதல் ஜெபத்திலும் பாட்டிலும் வளர்க்கிறார்கள். அவனுக்குத் தமிழ் வேண்டுமா என்று கேட்டுவிட்டா நீ அவனிடம் தமிழில் பேசுகிறாய்? உனக்கு அருமையானது என்பதால் கொடுக்கிறாய். பிற்காலத்தில் அவன் அதைப் பேசாமலும் விடலாம். நம் சபையில் அவன் தன் வாயால் பதில் சொல்ல உறுதிபூசுதல் என்ற நாள் தனியாக இருக்கிறது. அன்று அவன் மறுத்தால் அந்த மறுப்பையும் நான் மதிப்பேன்.

குழந்தை ஞானஸ்நானத்தில் நான் பெரிதாகக் காண்பது ஒன்று உண்டு. அவன் எதையும் சாதிக்கும் முன்பே ஏற்றுக்கொள்ளப்படுகிறான். பிறந்த எடையிலிருந்து தொடங்கி, மதிப்பெண், கட்-ஆப், சம்பளம் என்று வாழ்நாள் முழுவதும் அவனை யாராவது அளந்துகொண்டே இருப்பார்கள். இந்த ஒரு வாசலில் மட்டும், பேசவோ நடக்கவோ நன்றி சொல்லவோ தெரியாத நிலையில், பெயர் சொல்லி அழைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, உச்சியில் கிறிஸ்மா என்னும் புனித தைலம் பூசி, நீ எங்களில் ஒருவன் என்று சொல்கிறார்கள். இன்றைய வாழ்க்கைக்கு ஞானஸ்நானத்தால் என்ன பொருள் என்று கேட்டால், எனக்கு இதைவிடப் பெரியதாக எதுவும் தோன்றவில்லை.

அந்த ஏற்பில் மேல் கீழ் கிடையாது. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களில் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை, அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்று பவுல் அடிகளார் கலாத்தியருக்கு எழுதினார். நம் மண்ணில் அந்தச் சொல் இன்னும் முழுதாக நிறைவேறவில்லை. தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623-ல் சேலத்துக்கு வந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் சாதி அடையாளமான பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அனுமதி அளித்ததும் அதே ஆண்டுதான். அன்றைக்கு அதற்கு நியாயங்கள் சொல்லப்பட்டன. ஆனால் தொட்டியில் இறக்கி வைத்திருக்க வேண்டிய சாதியைத் தோளில் சுமந்துகொண்டு கரையேறிய பழக்கம் நம்மை விடவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள், அதாவது ஊர்ச் சபைகள், உண்டு. இன்னொரு பக்கம், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கென வரையறுத்து, 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரித்துக்கொடுத்தது. தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான் நிற்கிறார். ஊரார் பார்வையில் சாதி அப்படியே இருக்க, சலுகை மட்டும் போய்விடுகிறது. அதனால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு விலை கொடுத்து அவர்கள் பெற்றுக்கொள்ளும் ஒன்றை, நாம் விருந்துக்கும் போட்டோவுக்கும் உரியதாக ஆக்கிவிட்டோமே என்பதுதான் எனக்கு வேதனை. உன் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், எந்தக் குழந்தையும் தனக்குக் கீழானதல்ல என்று அவனுக்குச் சொல்லி வளர்ப்பதும் அந்த வாக்கின் பகுதி.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இந்து என்பதால் திருமணத்துக்குத் திருச்சபையிடம் அனுமதி கேட்டபோது, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க உன்னால் இயன்றதெல்லாம் செய்வாய் என்று நீ வாக்குக் கொடுத்தாய். அது அவருக்கும் தெரிவிக்கப்பட்டது. இயன்றது என்றால் அவர் மனத்தை மீறிச் செய்வது என்று பொருள் இல்லை. சடங்கின்போது விசுவாச அறிக்கை சொல்ல இயலாத பெற்றோர் மௌனமாக இருக்கலாம் என்று சடங்கு நூலின் முன்னுரையே இடம் கொடுக்கிறது. அவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றால் போதும். அம்மாப்பேட்டையில் சம்பந்தி அம்மாள் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று ஆசைப்படுவதும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாமல் நம் காரியத்தை முடித்துக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். அவர்களையும் உட்காரவைத்துப் பேசி, இரு வீட்டுக்கும் எது உண்மையோ அதைச் செய்யுங்கள்.

செய்வதென்று முடிவானால் டப்ளினில் உங்கள் பங்கிலேயே செய்யுங்கள். அவன் மறைக்கல்விக்குப் போவதும் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்குவதும் அங்கேதான். அவனை அறிந்த சபையின் நடுவில்தான் அவன் பெயர் சொல்லப்பட வேண்டும். நாங்கள் வர முடியாமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை; அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஞானத்தாய் ஞானத்தகப்பன் இருவரும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒருவர் போதும். ஆனால் உறுதிபூசுதல் பெற்று, பதினாறு வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். வசதியைப் பார்த்து யாரையும் கேட்காதே. கோயம்புத்தூரிலிருந்து வந்து உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண், பிரசவத்தின்போது இரவெல்லாம் உனக்குத் துணை இருந்தாள் என்றாயே, அவளைப் போன்ற ஒருத்தியைக் கேள்.

சடங்கில் கேட்கப்படும் கேள்விகளை நம் பங்குத்தந்தையிடம் வாங்கித் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இருவரும் ஒரு மாலையில் அவற்றை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சொல்ல முடிகிறது என்றால் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முடியவில்லை என்றால் அதை நீயே அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடு. என் வழியாகச் சொல்ல வேண்டாம். எதுவானாலும் கிறிஸ்துமஸுக்கு வருவதற்கு டிக்கெட் போட்டதும் தேதியைத் தெரியப்படுத்து.

அன்புடன்,
அப்பா