இலை எத்தனை போடுவது?

அன்புள்ள ஆத்தாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். போனில் கூப்பிட்டால் "ம், சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மாவுக்குத் தலைத் திவசம் வருகிற 18ஆம் தேதி. ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. சமையலுக்குச் சித்தி வருகிறாள். இலை எத்தனை போடுவது என்று கேட்கிறாள். நீ மட்டுமா, மாப்பிள்ளையும் வருகிறாரா? வேறு எதற்கும் கேட்கவில்லை, இலைக் கணக்குக்குத்தான். பொங்கலுக்கும் அவருக்கு வேலை, நீலகண்டப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கும் வேலை. கம்பெனிக்காரர்களுக்கு லீவே கிடையாது போல.

கஜா புயலுக்கு அப்புறம் அம்மா வைத்த நெட்டைத் தென்னங்கன்றுகளில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்பது பாளை விட்டிருக்கிறது. அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். அக்கம்பக்கத் தோப்புகளில் விழுந்த மரமெல்லாம் மட்கி, காண்டாமிருக வண்டு பெருகி, நம் கன்றுகளின் குருத்தைத் துளைத்தது. விடிந்ததும் கம்பியோடு போய்விடுவாள். வளைந்த முனையைத் துளைக்குள் விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திருகி இழுப்பாள். கொம்போடு கறுப்பாக வரும். அப்புறம் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மட்டையிடுக்கில் போடுவாள். கடையில் மருந்து கேட்டு வரட்டுமா என்பேன். "நீங்க கேட்டுக்கிட்டே இருங்க" என்பாள்.

2018 நவம்பர் 16 காலையில் தோப்பு கிடந்த கிடையைப் பார்த்து நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் அரிவாளை எடுத்துப்போய், கீழே கிடந்த இளநீரைச் சீவித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். கரண்டு இல்லாமல் குடிக்கத் தண்ணீர் இல்லை அல்லவா. வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தப் பணம் வருமுன் அறுக்க வந்த ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கழுத்தைப் பார்த்தால் சங்கிலி இல்லை. கேட்டேன். "வேர்க்குருவா வருது, கழட்டி வச்சுட்டேன்" என்றாள். அடகுச் சீட்டு அரிசிப் பானையில் இருந்தது.

அந்தச் சங்கிலியை மீட்டது உனக்காகத்தான். போன மாதம் அனுப்பச் சொன்னாய். நகையைக் கூரியரில் போடுவது சரியில்லை. நீயே வந்து எடுத்துக்கொள், போட்டு ஒரு தடவை நான் பார்க்க வேண்டும். யாருக்காவது அவசரம் என்றால் எவ்வளவு என்று சொல், தேங்காய் விற்ற பணம் இருக்கிறது. சங்கிலி வேண்டாம். அது உனக்கு என்று அவள் வாயால் சொன்னது. வேறு யார் கேட்டாலும் அப்பாவிடம் இருக்கிறது என்று சொல்லிவிடு.

என் மகள் மெட்ராஸில் பேங்க் ஆபீசர் என்று டீக்கடையில் சொல்லாத நாளில்லை. ஊர் கணக்கெல்லாம் பார்க்கிறாய், அப்பனுக்கு ஒரு போன் போட நேரமில்லை. சரி, விடு. அம்மாவாக இருந்தால் குரலை வைத்தே கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தெரியாது. சாப்பிடுகிறாயா என்று மட்டும்தான் கேட்கத் தெரியும்.

தாம்பரத்தில் ராத்திரி செங்கோட்டை ரயில் ஏறினால் காலையில் பட்டுக்கோட்டையில் இறங்கலாம். வாரத்தில் மூன்று நாள்தான், பார்த்துப் போடு. உன் அறையில் கிடந்த கொப்பரை மூட்டைகளை வெளியே எடுத்து வெள்ளையடித்தாயிற்று. திவசம் முடிந்த மறுநாளே ஓட வேண்டாம். எவ்வளவு நாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், சித்தியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு பெட்டி என்றால் பைக்கில் ஸ்டேஷனுக்கு வருகிறேன். கூட இருந்தால் தேங்காய் ஏற்றுகிற லோடு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எது என்று மட்டும் இரண்டு நாள் முன்னாடி சொல்லிவிடு, அவனுக்குச் சவாரி இருக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா