சேர்க்கத் தெரிகிறது, கழிக்கத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மசாலாத்தூள், முறுக்கு, ஊறுகாய் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் புதுப்புதுச் சரக்காகச் சேர்த்துக்கொண்டே போகின்றன, எதையும் நிறுத்துவதில்லை. பிறகு முதல் போதவில்லை என்று கடனுக்கு அலைச்சல். அந்த முதல் பெரும்பாலும் ஸ்டோர் ரூமில் விலைபோகாத தூளாகவும் அச்சடித்த பைகளாகவும் முடங்கிக் கிடக்கிறது.

அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று ஒரு சரக்குக்கு நான்கு பருவம். எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று கணிப்பதில்தான் கோளாறு. 'விற்றபின் காசு' என்று கடைக்காரர் முதல்முறை எடுப்பது விற்பனையே அல்ல, சரக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவராகவே மறுபடி கேட்கிறாரா என்று பாருங்கள். தீபாவளி விற்பனையும் ஏமாற்றும். பண்டிகை அக்டோபரிலும் வரும், நவம்பரிலும் வரும். மாதக் கணக்கை ஒப்பிட்டால் தப்பாகும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தைச் சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

புதுச் சரக்குக்கு வெறும் பையில் ஸ்டிக்கர் போதும். அச்சுப்பையை ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். எடையோ சேர்மானமோ மாறினால் அத்தனையும் குப்பைக்கு.

எதை நிறுத்துவது? பாக்கெட் லாபத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது, ஏனென்றால் எல்லாம் ஒரே மிஷினில் அரைபடுகின்றன. பொருளும் பையும் போக ஒரு தூளில் பாக்கெட்டுக்கு 1.50 ரிங்கிட் நிற்கிறது, மணிக்கு 20 பாக்கெட் ஆகிறது என்று வையுங்கள்: 30 ரிங்கிட். இன்னொன்றில் 80 சென்தான், ஆனால் மணிக்கு 60 பாக்கெட்: 48 ரிங்கிட். மிளகாய் அரைத்த மிஷினைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நேரத்தையும் சேருங்கள். கொஞ்சமாக அரைக்கும் தூள்களின் லாபத்தைத் தின்பது அந்த நேரம்தான். ஆனாலும் மெதுவாகப் போகும் ரசப்பொடியை அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது. அதை வாங்குகிறவர்தான் சாம்பார் தூளும் எடுக்கிறாரா என்று பழைய பில்களைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களைப் பாருங்கள். சுமார் 25 ஆண்டில் மறுநடவு. எந்தத் தோட்டமும் எல்லா பிளாக்கையும் ஒரே ஆண்டில் சாய்ப்பதில்லை. நட்ட கன்று காய்க்க மூன்றாண்டு பிடிக்கும், அதுவரை மற்ற பிளாக் சோறு போட வேண்டும். நன்றாக ஓடும் சரக்கின் லாபத்தில் ஒரு பங்கை அடுத்ததற்கு ஒதுக்காமல் விலைக்குறைப்புப் போட்டியில் கரைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நிறுத்துவது என்று முடிவானால் முதலில் பை வாங்குவதை நிறுத்துங்கள். இருக்கும் பை தீரும்வரை அரைத்து, கடைசிச் சுற்று எப்போது என்று கடைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தேங்கியதைக் காலாவதித் தேதிக்கு முன்பே திரும்ப எடுக்காவிட்டால், கடைக்காரர் அந்தக் காசை அடுத்த சரக்கின் பில்லில் கழித்துக்கொள்வார்.

சிறுதொழில் கணக்காளர்,
சுங்கை சிப்புட், பேராக்