அக்காவின் பெருவிரல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து மனசு நிறைந்தது. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையைப் பற்றியும் எழுதியிருந்தாய். இதே வேகத்தில் போனால் ஆணும் பெண்ணும் சமமாக இன்னும் 123 வருஷம் ஆகும், 148 நாடுகளில் நமக்கு 131-வது இடம் என்று. அதைப் படித்த வாரம்தான் நானும் அக்காவும் பத்திர ஆபீஸுக்குப் போனோம்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. உசிலம்பட்டியில் 58 கிராமக் கால்வாய்ப் பக்கம் இருக்கிற பூர்வீக நிலத்தை அண்ணன்கள் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமாம். "ரெண்டு பேரும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று பெரியண்ணன் போன் செய்தார். விடுதலைப் பத்திரம். எங்கள் பாகத்தை நாங்களே மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது.

அக்கா முதலில் உட்கார்ந்தாள். கைரேகை மெஷின் அவள் பெருவிரலை எடுக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தாள், அப்போதும் எடுக்கவில்லை. நாலைந்து தடவை. கல்யாணத்துக்கு முன்பு அதே நிலத்தில் களையெடுத்து, அப்புறம் புகுந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல். கடைசியில் வேறு விரலை வைக்கச் சொன்னார்கள்.

அவளுக்குக் கல்யாணம் 1987-ல். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது சேர்க்கவில்லை. எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை என்றிருந்ததை 2005-ல் மத்தியச் சட்டம் சரிசெய்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1995-ல், நாம் காலேஜில் இருந்தபோது, பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் 189 நாடுகள் பெண்பிள்ளைக்கும் வாரிசுரிமை வேண்டும் என்று எழுதிவைத்தனவே, அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே நம்மிடம் சட்டம் இருந்திருக்கிறது!

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன்க்கா போட்டே என்று. "சின்னவன் கல்யாணத்துல தாய்மாமன் வந்து நிக்க வேணாமா? பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைச்சுப் போயிரும்டி" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் காசில்லாதவளுக்கு அந்த வாசல்தானே ஆதரவு.

ஒன்றுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். உசிலம்பட்டி என்று நான் சொன்னாலே ஹாஸ்டலில் பெண்சிசுவுக்குக் கொடுத்த கள்ளிப்பாலைப் பற்றித்தான் கேட்பார்கள், நினைவிருக்கிறதா? இன்று காலையில் அங்கே டவுன் பஸ் ஏறிப் பார். காசில்லாத டிக்கெட்டோடு காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டுவரை நிற்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே விழுகிறது. ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. அதை நினைத்தால், அந்த பஸ் கூட்டம் எனக்குச் சித்திரைத் தேரைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் அண்ணனிடமிருந்து அப்படி ஒரு போன் வரும்.

சரி, என் முறை வந்தபோது நான் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அண்ணன் அதற்கப்புறம் பேசவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே ஊருக்குப் போய், என் பங்கு எனக்கு வேண்டும் என்று நேரில் சொல்லப் போகிறேன். அன்று ராத்திரி மட்டும் ஒரு போன் செய்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி