கிருஷ்ணகிரி வேதபாடக் குழு: ஞாயிறு கூடுகை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு, பழையபேட்டையில் நாம் வழக்கமாகக் கூடும் மாடியில், புதிய ஏற்பாட்டிலுள்ள எபேசியர் நிருபத்தின் முதலாம் அதிகாரம் 3 முதல் 14 வரையிலான வசனங்களைத் தியானிப்போம். கிரேக்க மூலத்தில் ஒரே நீண்ட வாக்கியமாக ஓடும் இப்பகுதி, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் (தேவன் தேர்ந்தெடுத்தவர்கள்), சுவிகாரபுத்திரர் (தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள்), மீட்கப்பட்டவர்கள், ஆவியானவரால் முத்திரையிடப்பட்டவர்கள் என, கிறிஸ்துவுக்குள் விசுவாசி யார் என்பதைச் சொல்கிறது. 14ஆம் வசனத்தில் வரும் ‘அச்சாரம்’, நம் ஊரில் மாந்தோப்பைக் குத்தகை பேசியதும் கைமாறும் முன்பணம்தான் என்பதால், அதை விளக்க எனக்கு அதிகம் வேலை இருக்காது.

1. பகுதியை இருமுறை வாசித்து, ‘கிறிஸ்துவுக்குள்’, ‘அவருக்குள்’ என வரும் இடங்களைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வாருங்கள்.
2. அச்சு வேதாகமத்தையே கொண்டுவாருங்கள். சென்ற முறை பாதிப் பேரின் கைப்பேசியில் சார்ஜ் இறங்கிவிட்டது.
3. வருகையை வெள்ளி இரவுக்குள் இங்கே தெரிவியுங்கள். சுண்டலுக்குக் கடலை ஊறவைக்க வேண்டும்.