நாலுவழிச்சாலை வேலை நடக்கும் வரை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை காலை வழிபாடு முடிந்த பிறகும் வாசலில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் நின்றார்கள். பாதிப்பேரின் காலில் முழங்கால் வரை செம்மண் சேறு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒற்றைச் செருப்போடு நின்றான். இன்னொன்று எங்கேடா என்றேன். "கல்வெர்ட்டுகிட்ட சேத்துல மாட்டிக்கிச்சு சார். எடுக்கலாம்னு குனிஞ்சேன், டிப்பர் வந்துச்சு, விட்டுட்டு வந்துட்டேன்" என்றான். தாமதத்துக்குத் திட்டலாம் என்று வாசலுக்குப் போனவன் நான். அவனைத் தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு வந்து, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நம் வி.கே.டி. சாலை வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை 165 கிலோமீட்டர், மூன்று பிரிவு. அதில் விக்கிரவாண்டி முதல் சேத்தியாத்தோப்பு வரை உள்ள நம்முடைய பிரிவுதான் எல்லாவற்றிலும் பின்தங்கியது. வேலை ஆரம்பித்தபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இன்று நம் பள்ளியில் சைக்கிள் ஓட்டி வருகிறார்கள். யார் மேல் குற்றம் என்று பேச இது இடமில்லை. பேசினால் எனக்கும் நிறைய இருக்கிறது.

வரும் வாரங்களில் வேலை வேகம் பிடிக்கும். காரணம் மழைதான். ஈரத்தின் மேல் தார் போட முடியாது, போட்டாலும் ஒட்டாது. அதனால் ஐப்பசி மழை இறங்குவதற்குள் முடிந்தவரை போட்டுவிடப் பார்ப்பார்கள். நேற்று வலப்பக்கம் போன வண்டிகளை இன்று இடப்பக்கம் திருப்பிவிட்டிருப்பார்கள். நேற்று வந்த வழிதானே என்ற நினைப்பில் வண்டியை விடாதீர்கள். கல்வெர்ட்டு, அதாவது ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம், கட்டும் இடங்களில் மட்டும் இப்படி மாறாது. கான்கிரீட் முழுப் பலம் பெறவே 28 நாள் ஆகும் என்பதால், அந்த டைவர்ஷன்கள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் அப்படியே இருக்கும்.

இருசக்கர வண்டியில் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தார் போடுவதற்கு முன்னால் ரோட்டின் மேல் கறுப்பாக ஒரு திரவம் தெளிப்பார்கள். பார்க்கப் புது ரோடு மாதிரி பளபளவென்று இருக்கும். எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். அதில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. பழைய தாரைச் சுரண்டி வரிவரியாக விட்டிருக்கும் இடத்தில் ஹேண்டில் தானாக ஆடும். பயந்து ஒடிக்காமல் மெதுவாகப் போனால் போதும். எல்லாவற்றையும் விட மோசம், பாதி அகலத்துக்கு மட்டும் தார் போட்டு விட்டுவைக்கும் விளிம்பு. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஆனால் ஓரமாக ஒதுங்கும் சைக்கிளின் முன்சக்கரம் அதில் இறங்கினால், பிள்ளை விழுவது ரோட்டுப் பக்கமாகத்தான்.

டிப்பர் ஓட்டுகிறவருக்கு வண்டியின் இடது முன்பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் தெரியாது. எங்கள் ஆசிரியர் ஒருவர் அப்படி ஒரு டிப்பரின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கீழே நிற்க வைத்தாராம், தலைமுடிகூடத் தெரியவில்லையாம். லாரியின் இடப்பக்கம் புகுந்து முந்தக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டோம். வீட்டிலும் சொல்லுங்கள். கொடி பிடித்து நிற்கும் தம்பிகளில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களோடு வாதாடிப் பயனில்லை, கொடியைப் பாருங்கள்.

இப்போது எனக்கே வெட்கமான ஒரு விஷயம். சென்டர் மீடியன் வைத்த பிறகு நம் பள்ளி வாசலுக்கு நேரே திரும்ப முடியாது. யூ டர்ன் எடுக்க வெகுதூரம் போய்வர வேண்டும். அதனால் பலர் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டி வருகிறீர்கள். ஜூன் மாதம் வரை நானும் அப்படித்தான் வந்தேன். கொஞ்ச தூரம்தானே, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று. ஒருநாள் மாற்றுப்பாதையிலிருந்து திரும்பிய பஸ் ஒன்று என் ஹேண்டில் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பஸ் மேல் தவறே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரும் என்று அந்த டிரைவர் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? அன்றிலிருந்து சுற்றித்தான் வருகிறேன், ஐந்து நிமிடம் கூடுகிறது. பின்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் வருகிறவர்களை இனி வாசலில் நிறுத்திப் பேசுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வேலை முடியும் வரை முதல் பாடவேளை தொடங்கும் வரை வருகிற யாரையும் வெளியே நிறுத்த மாட்டோம். காலாண்டுத் தேர்வு நாட்களில் மட்டும் அரைமணி நேரம் முன்னதாகக் கிளப்பிவிடுங்கள். டவுன் பஸ் பழைய நிறுத்தத்தில் நிற்பதில்லை. அங்கிருந்த புளியமரங்களும் போய்விட்டன, பிள்ளைகள் மொட்டை வெயிலில் நிற்கிறார்கள். தற்காலிகமாக ஒரு கீற்றுக்கொட்டகையாவது போட வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு: பஸ் சரியாக வருவதில்லை என்று வீட்டு வண்டியைப் பையனிடம் கொடுத்துவிடுகிறீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் ஏதும் நேர்ந்தால் பொறுப்பு பெற்றோருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும்தான். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. அதன் பின்னால் ஒட்ட ஒளிரும் ஸ்டிக்கர் வாங்கி வைத்திருக்கிறோம், சைக்கிளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் நாங்களே ஒட்டித் தருகிறோம்.

பாலத்துக்குத் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே குளிக்கப் போன நான்கு பையன்களை ஊர்க்காரர் ஒருவர் விரட்டி அனுப்பியிருக்கிறார். அது ஏரியோ குட்டையோ இல்லை; கரை சரிவாக இருக்காது, கால் வைத்தால் நேரே ஆழம். உள்ளே கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும். விடுமுறை நாளில் பிள்ளை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் விளக்கில்லாத தடுப்பு, மூடாத பள்ளம் எதைப் பார்த்தாலும் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லுங்கள். விபத்து என்றால் 108. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உண்டு. பணம் கையில் இல்லையே என்று யோசித்து நேரத்தை விட வேண்டாம்.

இத்துடன் இருக்கும் சீட்டில், உங்கள் பிள்ளை எந்த ஊரிலிருந்து எதில் வருகிறது, எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறது என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கடக்கும் இடங்கள் தெரிந்தால்தான் காலையிலும் மாலையிலும் எந்தெந்த இடத்தில் ஆசிரியர்கள் நிற்பது என்று பிரித்துக்கொள்ள முடியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். வகுப்பில் வைக்க இடமில்லை என்று சிலர் சொன்னார்கள். என் அறைக்கு வெளியே மர அலமாரி ஒன்றைக் காலி செய்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.