ஜூரி முன் ஒரு கொலை வழக்கு

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, கம்பு ஊன்றாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மகள் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு சீனியரிடம் சேர்ந்துவிட்டாள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அவளுக்கு என்ன புத்தகம் அனுப்பலாம் என்று கேட்டிருந்தாயே, ஒரு நாவல் அனுப்புகிறேன். 'அனாடமி ஆஃப் எ மர்டர்', 1958-ல் வந்தது. ராபர்ட் டிரேவர் என்பது புனைபெயர். எழுதிய ஜான் வோல்கர் அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. அதற்கு முன் அரசு வக்கீலாகவும் இருந்தவர். 1952-ல் அந்த மாநிலத்தின் வடகோடியில் பிக் பே என்ற சிற்றூரில், ராணுவ லெப்டினன்ட் ஒருவர் மதுக்கடைக்காரரைச் சுட்டுக் கொன்றார். அந்த வழக்கில் லெப்டினன்டுக்காக வாதாடியவர் வோல்கர்தான். அதை வைத்துத்தான் கதை.

தன் மனைவியை அந்த ஆள் பலாத்காரம் செய்துவிட்டான் என்கிறார் லெப்டினன்ட். சுட்டதை மறுக்கவில்லை, ஊரே பார்த்திருக்கிறது. பிறகு என்ன வாதம் என்றுதானே கேட்பாய்? அங்கேதான் நான் மறக்க முடியாத அத்தியாயம் வருகிறது. கதையில் லெப்டினன்டுக்காக வாதாடும் வக்கீல் பீக்லர் சிறையில் கட்சிக்காரரைப் பார்க்கிறார். பொய் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொலைக் குற்றச்சாட்டுக்குச் சட்டம் என்னென்ன எதிர்வாதங்களை ஏற்கும், உன் நிலையில் எது எது செல்லாது என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். மிச்சம் இருப்பது சித்தம் கலங்கிய நிலை ஒன்றுதான். லெப்டினன்ட் யோசித்து யோசித்து, தானாகவே அங்கே வந்து சேர்கிறார். இது சட்டத்தை எடுத்துச் சொன்னதா, சாட்சியைத் தயார் செய்ததா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. ஆனாலும் அந்த வக்கீலை என்னால் வெறுக்க முடியவில்லை.

ஜூரிக்கு அந்தச் சிறை அறையில் நடந்தது எதுவும் தெரியாது. சாதாரண ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், சாட்சிக் கூண்டில் காட்டப்படுவதை மட்டும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் பன்னிரண்டு பேரும் குற்றவாளியா இல்லையா என்று ஒருமனதாக ஒரு முடிவு சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிவு என்ன என்று இங்கே எழுதமாட்டேன், நீயே படி.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்குகிறது. நான் செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். எந்தச் சாட்சியை ஏன் நம்பினேன், எதை ஏன் தள்ளினேன் என்று நீதிபதிகள் பக்கம் பக்கமாக டிக்டேட் செய்வதைப் பார்த்திருக்கிறேன். காரணம் எழுதியிருந்தால்தான் மேல்கோர்ட்டில் அதைக் கேள்வி கேட்க முடியும்.

நம் நாட்டில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நானாவதி வழக்கு இருக்கிறது. நாவல் வந்த மறு வருடம், 1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் நானாவதி, மனைவியின் காதலர் பிரேம் அஹுஜாவைச் சுட்டார். ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி மேத்தா அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பைப் படித்துப் பார். மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், மனைவி மக்களைச் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கிக்கொண்டு, நாலு இருபதுக்குச் சுட்டிருக்கிறார். ஆத்திரம் அடங்கப் போதுமான நேரம் இருந்தது என்கிறது கோர்ட். குளித்துவிட்டு வந்த அஹுஜாவின் இடுப்பில் துண்டு அவிழாமல் அப்படியே இருந்திருக்கிறது. கட்டிப் புரண்டு சண்டை போட்டபோது குண்டு வெடித்தது என்ற கதை அந்தத் துண்டு முன்னால் நிற்கவில்லை. எட்டுப் பேர் அந்தத் துண்டை எப்படி ஒதுக்கினார்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது, பார். பத்திரிகைகள் நானாவதியைக் கதாநாயகனாக்கியிருந்த நேரம் அது. எனக்கு அந்த ஒன்பதாவது ஆளை நினைத்தால்தான் மரியாதை வருகிறது.

இந்த வழக்கோடு ஜூரி முறை ஒழிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள், சரியில்லை. 1958-லேயே சட்ட ஆணையம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. முழுதாகப் போனது 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான். நம் சென்னையில் சினிமா நடிகர்கள் பாகவதரும் கலைவாணரும் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நின்றதும் ஜூரி முன்னால்தான். குற்றவாளிகள் என்றது ஜூரி. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையானார்கள். அதற்குள் எத்தனை வருட வாழ்க்கை போய்விட்டது!

ஜூரி போனது நல்லதுதான் என்பது என் கட்சி. நாவலைப் படித்த பிறகும் அது மாறவில்லை. ஆனால் சட்டம் தெரியாத மனிதர்கள் இன்னொரு மனிதரின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று வோல்கர் காட்டும் இடங்களில் என் பிடிவாதம் கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

புத்தகம் தனியாகத் தபாலில் வருகிறது. மகளை அந்தச் சிறை அத்தியாயத்தை முதலில் படிக்கச் சொல். பீக்லர் செய்தது சரியா என்று அவளே எனக்கு எழுதட்டும், அவள் சீனியர் என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டு எழுதட்டும். அப்புறம், பிசியோதெரபியை நடுவில் விட்டுவிடாதே.

அன்புடன்,
ராமு